ஃபில்டர் காப்பிப் பக்கத்துக்கு 11,000 பேர் வந்தார்கள், கமிஷன் பூஜ்யம். எங்கே தப்பு?

#1 டபராசெட் (கும்பகோணம்)

வணக்கம். இந்தப் பிரிவில் இது என் முதல் இழை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடமாக ஆங்கிலத்தில் ஒரு சின்ன வலைப்பூ வைத்திருக்கிறேன். நம் ஊர் ஃபில்டர் காப்பி மட்டும்தான் விஷயம். எந்த ஃபில்டர் வாங்கலாம், சிக்கரி எவ்வளவு கலக்கலாம், டிகாஷன் ஏன் மடமடவென்று இறங்கித் தண்ணீராகிவிடுகிறது என்று முப்பது சொச்சம் பதிவுகள். அமேசான் அசோசியேட்ஸில் சேர்ந்திருக்கிறேன், அதாவது என் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் அமேசான் கமிஷன் தரும் திட்டம். கூகுளிலிருந்து தினமும் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். மாதம் நூறு இருநூறு ரூபாய் காட்டும். சில மாதம் அதுவும் கிடையாது.

செய்திப் பகிர்வுத் தளங்களில் லிங்க் போட்டால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஆள் வரும், கமிஷன் கொட்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போன மாதம் மூன்று இடங்களில் முயற்சி செய்தேன். சொந்தப் புகாரில் பெயர் போடக் கூடாது என்பது நம் குழும விதி, அதனால் பெயர் வேண்டாம்.

முதல் தளத்தில் ஃபில்டரின் அமேசான் லிங்கையே நேராகப் போட்டேன். பத்து நிமிடத்தில் காணோம். மறுபடி போட்டேன், கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

இரண்டாவது தளத்தில் புத்திசாலித்தனமாக லிங்கைச் சுருக்கிப் போட்டேன். எனக்குத் தெரிகிறது, தம்பி போனில் பார்த்தால் இல்லை. மூன்று நாள் ஒரு பதில் கூட வராதபோதுதான் புரிந்தது, அதை என்னைத் தவிர யாருமே பார்க்கவில்லை.

மூன்றாவது ஒரு காப்பிக் குழு. அங்கே கடை லிங்க் போடவில்லை, என் பதிவின் லிங்க்தான். மெஷின் இல்லாமல் அடர்த்தியான காப்பி இறக்குவது பற்றியது. அது மேலே ஏறிவிட்டது. ஒன்றரை நாளில் 11,000 பேர். மதியத்துக்குள் சர்வர் இரண்டு தடவை படுத்தது. பதிவில் இருந்த அமேசான் லிங்கை அமுக்கியவர்கள் 312 பேர். விற்பனை பூஜ்யம்.

இந்த வழியில் யாராவது உண்மையிலேயே சம்பாதித்திருக்கிறீர்களா?


#2 பழையசாக்கு (மதுரை)

தம்பி, உன் கதையைப் படித்ததும் 2008 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது இந்த விளையாட்டுக்கு ராஜா டிக் என்ற தளம். கெவின் ரோஸ் 2004 டிசம்பரில் ஆரம்பித்தது. யாரோ ஒருவர் ஒரு செய்தியின் லிங்கைப் போடுவார், மற்றவர்கள் வாக்குப் போடுவார்கள், வாக்கு சேர்ந்தால் முதல் பக்கம். முதல் பக்கம் போன தளங்கள் வரிசையாகப் படுத்தன, அதற்கு டிக் எஃபெக்ட் என்றே பெயர். அதற்கும் முன்னால் 1997-ல் வந்த ஸ்லாஷ்டாட் என்ற தளத்துக்கும் இதே மாதிரி ஒரு எஃபெக்ட் உண்டு.

நான் அப்போது கம்ப்யூட்டர் டிப்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன், ஆங்கிலத்தில். ஒரு பதிவு முதல் பக்கம் போயிற்று. அன்றைக்கு மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் ஆள். ராத்திரி முழுக்க எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு தூங்கவே இல்லை. காலையில் அஃபிலியேட் கணக்கை, அதாவது லிங்க் வழி விற்பனைக்குக் கமிஷன் சேரும் கணக்கைத் திறந்தால் ஒன்றும் இல்லை, உன்னை மாதிரியே. வந்தவர்கள் எல்லாம் விளம்பரத் தடுப்பான் போட்ட தொழில்நுட்பக்காரர்கள். அவர்கள் தேர் பார்க்க வந்தவர்கள். தேர் பார்க்க வருகிறவன் பாத்திரக் கடையில் நின்று அண்டா வாங்குவானா?

ஆனால் கேள். அந்த இருபதாயிரத்தில் ஏழெட்டுப் பேர் சொந்தமாக வலைப்பூ வைத்திருந்தவர்கள். அவர்கள் என் பதிவுக்கு லிங்க் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கூகுளில் அந்தப் பதிவு மேலே வர ஆரம்பித்தது. தேடி வந்தவன் வாங்கினான். அந்த ஒரு பதிவு இரண்டு வருடம் என் இணைய இணைப்புக்குப் பணம் கட்டியது.

அதனால் 11,000-ஐ நினைத்து வருத்தப்படாதே. யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்.


#3 நெல்லை_நள்ளிரவு

அண்ணாச்சி தேர்க் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 312 கிளிக்குக்கு ஒன்று கூட விற்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. தேருக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தராவது பலூன் வாங்குவார்.

டபரா, உன் அமேசான் லிங்கின் கடைசியில் உன் கணக்கைக் காட்டும் டேக் இருக்குமே, அது என்ன? -20 என்று முடிகிறதா, -21 என்றா?


#4 டபராசெட்

-21 அண்ணே. ஏன்?


#5 நெல்லை_நள்ளிரவு

போச்சு.

-21 இந்தியக் கடையின் டேக். அமெரிக்கக் கடை என்றால் -20. உன் குழுவில் இருந்தவர்கள் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து. 312 பேரும் ஆசையாக அமுக்கிப் பார்த்தார்கள், ரூபாயில் விலை போட்ட கடை திறந்தது, மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் நாலு பேர் தங்கள் நாட்டுக் கடையில் தாங்களே தேடி வாங்கியும் இருப்பார்கள். உனக்கு ஒன்றும் வராது.

அமெரிக்கத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். பிறகு ஒன்லிங்க் என்று ஒன்று இருக்கிறது, அதை இணைத்தால் வருகிறவர் எந்த நாட்டிலிருந்து வருகிறாரோ அந்தக் கடைக்குத் திருப்பிவிடும். ஒவ்வொரு நாட்டுத் திட்டத்திலும் தனித்தனிக் கணக்கு வேண்டும். வேலைதான், ஆனால் இது இல்லாமல் ஆங்கிலத் தளத்தில் போய்ப் பகிர்வது, சென்னை சென்ட்ரலில் நின்றுகொண்டு மதுரை டவுன் பஸ் பாஸ் விற்கிற மாதிரி.


#6 டபராசெட்

ஒரு மணி நேரமாக இந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது கூடத் தெரியாமல் ஒன்றரை வருடம்!


#7 கணக்குப்பிள்ளை (சேலம்)

ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள். லிங்க் சரியாக இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று போட்டுப் பார்ப்போம்.

312 கிளிக். நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினார்கள் என்று வைப்போம். இது என் தாராள ஊகம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு அதுவே அதிகம். ஆறு ஃபில்டர். ஒன்று 20 டாலர் என்றால் 120 டாலர் விற்பனை. அமெரிக்கத் திட்டத்தில் சமையலறைச் சாமானுக்குக் கமிஷன் 4.5 சதவீதம். வருவது 5 டாலர் 40 சென்ட்.

பதினோராயிரம் பேர், இரண்டு தடவை சர்வர் படுத்தது, 5 டாலர் 40 சென்ட்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லிங்கை அமுக்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் அந்தக் கடையில் என்ன வாங்கினாலும் பெரும்பாலும் உங்கள் கணக்கில் சேரும். ஃபில்டர் பார்க்க வந்தவர் நாய்க்குப் படுக்கை வாங்கினால் அதற்கும் உண்டு. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனால் அந்தப் பொருளுக்கு மட்டும் 90 நாள் வரை அவகாசம். ஆனால் நடுவில் வேறு ஒருவருடைய அஃபிலியேட் லிங்கை அமுக்கிவிட்டால், கடைசியாக அமுக்கிய லிங்குக்காரருக்குத்தான் பணம். அதனால்தான் கூப்பன் தளங்கள் எல்லாம் பணம் கட்டும் நேரத்தில் வந்து குறுக்கே நிற்கின்றன.


#8 ஜெட்_வேகம்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். இதில் நல்லாச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் பாஸ். கூட்டம் பெரிசா இருந்தால் சதவீதம் சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் பழைய கணக்குகள் இருக்கின்றன, ஒன்றிரண்டு வருடம் ஓட்டியவை. ஒன்றில் கேள்வி கேட்க வேண்டியது, இன்னொன்றில் பதில் சொல்லி லிங்க் போட வேண்டியது, மீதி எல்லாவற்றிலும் வாக்குப் போட வேண்டியது. முதல் ஒரு மணி நேரத்தில் வாக்கு வந்துவிட்டால் தானாக மேலே போய்விடும். வேண்டுமென்றால் தனிமடலில் வாருங்கள், ரேட் சொல்கிறேன்.


#9 வாசல்கோலம்

ஜெட் தம்பி, நான் ஒரு சமையலறைச் சாமான் குழுவில் நான்கு வருடமாக மட்டுறுத்துநர். சம்பளமில்லாத வேலை. ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து உங்களை மாதிரி ஆட்களைக் கழுவுவதுதான் என் பொழுதுபோக்கு. அதனால் எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

ஒரு கணக்கு. இரண்டு வருடப் பழசு, ஆனால் பதினான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று எழுந்து, "எந்தக் குக்கர் நல்லது?" என்று கேட்கிறது. நாற்பது நிமிடத்தில் இன்னொரு கணக்கு வந்து, மாடல் எண்ணோடு, லிங்கோடு, மூன்று பத்திக்குப் பதில் சொல்கிறது. கேட்டவர் உடனே, "மிக்க நன்றி, ஆர்டர் செய்துவிட்டேன்!" என்கிறார். நிஜ மனிதர்கள் இப்படியா பேசுவார்கள்? நிஜத்தில், குக்கர் கேட்டால் முதல் பதில் "பட்ஜெட் எவ்வளவு?", இரண்டாவது "உங்கள் அடுப்பு இண்டக்‌ஷனா?", மூன்றாவது குக்கரே வேண்டாம் என்று ஒரு சண்டை. கேட்டவர் அடுத்த நாள்தான் எட்டிப் பார்ப்பார்.

இது கண்ணால் கண்டுபிடிப்பது. இதற்கு முன்னால் இயந்திரம் இருக்கிறது. ரெடிட் என்ற பகிர்வுத் தளத்தில் ஆட்டோமாடரேட்டர் என்று ஒன்று உண்டு. எந்த லிங்கில் டேக் இருக்கிறதோ அதைத் தானாக எடுத்துவிடு என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். சுருக்கிய லிங்குகள் எங்கள் கண்ணுக்கு வருவதற்கு முன்பே தளத்தின் சல்லடையில் நின்றுவிடும். டபராசெட்டின் இரண்டாவது அனுபவமும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். சொல்லாமல் மறைத்து வைப்பார்கள். சொன்னால் புதுக் கணக்கோடு வருவீர்கள் அல்லவா?

கூட்டுச் சேர்ந்து வாக்குப் போடுவது அங்கே எழுதி வைத்த விதிமீறல். ஒரு கணக்கு மாட்டினால் கூட இருக்கிற எல்லாம் போகும்.

டபராசெட், உங்கள் மூன்றாவது முயற்சி ஏன் நின்றது தெரியுமா? பதிவில் படிக்க விஷயம் இருந்தது. அவ்வளவுதான்.


#10 நெல்லை_நள்ளிரவு

மேற்கோள்: "ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து உங்களை மாதிரி ஆட்களைக் கழுவுவதுதான் என் பொழுதுபோக்கு"

அக்கா, இதை என் கையெழுத்தாக வைத்துக்கொள்ளலாமா?


#11 பழையசாக்கு

கூட்டு வாக்கு பற்றிப் பேச்சு வந்துவிட்டது, நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். இளசுகளுக்குத் தெரியாது.

தமிழ் வலைப்பூக்களுக்கும் திரட்டிகள் இருந்தன, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள். தமிழ்மணம் 2004-லேயே வந்துவிட்டது. பிறகு டிக் மாதிரியே வாக்கு வைத்து தமிழிஷ் வந்தது, அதுதான் பின்னால் இண்ட்லி ஆயிற்று. தமிழ்மணத்தில் ஏழு வாக்கு விழுந்தால் பரிந்துரைப் பட்டியல். அவ்வளவுதான், ஒவ்வொரு பதிவின் பின்னூட்டத்திலும் "த.ம. 1", "த.ம. 2" என்று வரிசையாக வரும். நான் உனக்குப் போட்டேன், நீ எனக்குப் போடு என்று அர்த்தம். அசல் மொய்க் கணக்கு. நோட்டு மட்டும்தான் இல்லை. படிக்காமலே "அருமை, த.ம. 4" என்று போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் தன் அப்பா இறந்த செய்தியை எழுதியிருந்தார், அதற்கும் "அருமை" விழுந்தது. நானே பார்த்தேன்.

ஆனால் அதில் காசு இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அமேசான் இந்தியாவுக்கு வந்ததே 2013 ஜூனில். வலைப்பூக்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதற்குள் பதிவர்களில் பாதிப் பேர் பேஸ்புக்குக்குக் குடிபோயிருந்தார்கள். கடை திறந்தபோது சந்தை கலைந்துவிட்டது.

டிக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஆகஸ்டில் தளத்தை மாற்றி அமைத்தார்கள். பெரிய பத்திரிகைகள் தங்கள் செய்தியைத் தாங்களே தானியங்கியாக உள்ளே தள்ளலாம் என்று வழி வைத்தார்கள். சாதாரண ஆட்களுக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் பக்கம் முழுக்க ரெடிட் லிங்குகளாக ஏற்றி வைத்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 2012-ல் தளத்தை பீட்டாவொர்க்ஸ் என்ற நிறுவனம் வாங்கியபோது விலை 5 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால் கூகுள் 20 கோடி டாலர் அளவில் பேசிக்கொண்டிருந்ததாக எழுதினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டம்பிள்அப்பான். பட்டனை அமுக்கினால் ஏதோ ஒரு பக்கம் வரும். டிக் கூட்டம் ஒரு நாளில் போய்விடும், இதில் ஆறு மாதம் கழித்தும் பத்துப் பேர், இருபது பேர் என்று சொட்டிக்கொண்டே இருக்கும். டிகாஷன் மாதிரி. 2018 ஜூனில் அதையும் மூடிவிட்டார்கள்.


#12 ஜெட்_வேகம்

சரி, பழைய கதை எல்லாம் எதற்கு? அந்தத் தளங்கள் மட்டும் யோக்கியமா? நாம் அஃபிலியேட் லிங்க் போட்டால் குற்றம், அவர்கள் போட்டால் வியாபாரம். ரெடிட்டே ஒரு காலத்தில் உறுப்பினர்கள் போட்ட லிங்குகளைத் தன் அஃபிலியேட் லிங்காக மாற்றியது, தெரியுமா?


#13 நெல்லை_நள்ளிரவு

தெரியும். 2016-ல். விக்லிங்க் என்ற நிறுவனத்தின் மூலம் செய்தார்கள். ஆனால் முன்கூட்டியே அறிவித்தார்கள், வேண்டாம் என்பவர்கள் அணைத்துவைக்க வசதியும் கொடுத்தார்கள். நீ தனிமடலில் ரேட் சொல்கிறாய்.

ஆனாலும் ஜெட் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடம் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. படங்களைப் பகிரும் தளமான பின்டரெஸ்ட் 2015 பிப்ரவரியில் அஃபிலியேட் லிங்க் எதுவும் கூடாது என்று ஒரே நாளில் வெட்டியது. அடுத்த வருடம் திரும்பக் கொடுத்தது. நடுவில் அதையே நம்பி இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.


#14 டொரோண்டோ_குளிர்

தம்பிமாருக்கு வணக்கம். நான் கன நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது குறைவு.

இங்கே கனடாவில் ரெட்ஃபிளாக்டீல்ஸ் என்று ஒரு தளம் இருக்கு, 2000-ஆம் ஆண்டிலிருந்து. எந்தக் கடையில் என்ன சாமான் மலிவு என்று ஆட்கள் போடுவினம், மற்ற ஆட்கள் வாக்குப் போடுவினம். அமெரிக்காவில் ஸ்லிக்டீல்ஸ், அது இதைவிடப் பழசு. நான் பனிக்காலச் சப்பாத்திலிருந்து அரிசி குக்கர் வரைக்கும் அங்கே பார்த்துத்தான் வாங்குவேன்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், வாங்குகிற சனம் இருக்கிற இடம் இப்படியான தளங்கள்தான். செய்தித் தளத்துக்கு வாறவர் பார்க்க வாறார், இங்கே வாறவர் கையில் அட்டையோடு வாறார். ஆனால் உங்கட சொந்த அஃபிலியேட் லிங்கை அங்கே போட ஏலாது. போட்டால் தூக்கிவிடுவினம். ஏனென்றால் தளத்துக்கு வருமானமே அதுதான், அந்த லிங்கில் தங்கட குறியைப் போட்டுக்கொள்ளுவினம். ஊர்க் கிணற்றில் அவை மோட்டர் பூட்டியாச்சு, நீங்கள் வாளியோடு போனால் விடுவினமோ?

இன்னொன்று. நான் கடைசியாக வாங்கின ஃபில்டர் உங்கட மாதிரி ஒரு வலைப்பூவைப் பார்த்துத்தான். கூகுளில் "டிகாஷன் ஏன் தண்ணியாக இறங்குது" என்று தேடி வந்து, அங்கே விடை கிடைச்சு, அந்த மனுசன் சொன்ன சாமானையே வாங்கினேன். எந்தத் தளமும் எனக்கு அதை வாக்குப் போட்டுக் காட்டவில்லை.


#15 டபராசெட்

அக்கா, நீங்கள் எந்தப் பொடி போடுகிறீர்கள் என்று தெரியாது. ஆனால் அங்கே கடையில் டிரிப் மெஷினுக்கு என்று அரைத்து விற்பது நம் ஃபில்டருக்குக் கொஞ்சம் பருக்கை. அதில் தண்ணீர் ஓடிவிடும். அதைவிட ஒரு சுற்று நைசாக அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரி நூற்றுக்கு இருபது கலந்தால் இறங்குவது நிதானப்படும். பதினைந்து, இருபது நிமிடம் எடுத்தால் சரியான டிகாஷன்.


#16 வாசல்கோலம்

டபராசெட், இப்போது நீங்கள் இந்தப் பதிலை எழுதினீர்களே, இதைத்தான் அந்தக் காப்பிக் குழுவில் எழுதியிருக்க வேண்டும். லிங்கே இல்லாமல். உங்கள் வலைப்பூ முகவரி உங்கள் விவரப் பக்கத்தில் இருந்தால் போதும். நம்பிக்கை வந்தவர்கள் தேடி வந்து பார்ப்பார்கள். ரெடிட்டில் ரொம்ப நாள் ஒரு வழக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பத்துக்கு ஒன்றுதான் உன் சொந்தச் சரக்காக இருக்கலாம், மீதி ஒன்பது மற்றவர்களுடைய பேச்சில் கலந்துகொள்வதாக இருக்க வேண்டும். நான் என் குழுவில் இன்றும் அந்தக் கண்ணோடுதான் ஒரு கணக்கைப் பார்ப்பேன்.

பெரும்பாலோர் ஒன்பதைச் செய்யாமல் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, தளம் அநியாயம் செய்கிறது என்பார்கள்.


#17 ஜெட்_வேகம்

ஒன்பது தடவை ஓசியில் பதில் சொல்லி, பத்தாவது தடவை 90 சென்ட் சம்பாதிக்கச் சொல்கிறீர்கள். நல்ல வியாபாரம்!


#18 கணக்குப்பிள்ளை

ஜெட் கிண்டலாகச் சொன்னாலும் கணக்கு சரிதான். 20 டாலருக்கு 4.5 சதவீதம் என்றால் 90 சென்ட்தான். நேரத்துக்குக் கூலி பார்த்தால் இது வேலைக்கு ஆகாது. காப்பி பிடித்தவர் பேசுகிற பேச்சோடு பேச்சாகச் செய்தால் மட்டும் கட்டுப்படியாகும்.

டபராசெட் அமெரிக்கத் திட்டத்தில் சேரப் போவதால் சில நடைமுறை விஷயங்கள். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் இன்றைக்கே அவசரப்பட்டுச் சேராதீர்கள். பதிவுகளைச் சரிசெய்துவிட்டுச் சேருங்கள். உங்கள் லிங்க் வழியாக நீங்களே வாங்கினால் செல்லாது. தம்பியை வாங்கச் சொல்கிற யோசனை எல்லாம் வேண்டாம், நண்பர்கள் உறவினர்கள் உங்களுக்காக வாங்குவதும் தகுதி பெறாது. எந்தெந்தத் தளங்களில், பக்கங்களில் லிங்க் வைக்கிறீர்களோ அதை எல்லாம் கணக்கில் பதிந்து வைக்க வேண்டும். விலையைப் பதிவில் கையால் எழுதி வைக்கக் கூடாது, அது மாறிக்கொண்டே இருக்கும். டபிள்யூ-8பென் என்று ஒரு வரிப் படிவம் கேட்பார்கள், அமெரிக்கர் அல்லாதவர் நிரப்ப வேண்டியது. அங்கிருந்து வரும் பணத்தை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், 90 சென்ட் ஆனாலும்.

அப்புறம் முக்கியமாக, லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அமேசான் ஒப்பந்தமே அதைக் கேட்கிறது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-லிருந்து வலைப்பதிவர்களையும் இதில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போடுவது பலிக்காது.


#19 பழையசாக்கு

பிள்ளைவாள் பயமுறுத்தினாலும் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்த வரியை எழுதினால் ஆள் ஓடிவிடுவான் என்று ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. என் அனுபவத்தில் ஓடவில்லை. "எனக்கு நாலு காசு வரும், உங்களுக்கு விலை ஏறாது" என்று எழுதியபின் கிளிக் குறையவில்லை. மறைத்து வைத்து மாட்டினால்தான் மானம் போகும்.


#20 டபராசெட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஜெட் அண்ணே, தனிமடலுக்கு வரவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.


#21 டபராசெட்

ஐந்து மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடுவில் அக்கா கல்யாணம்.

முதலில் நெல்லை அண்ணன் சொன்ன வேலை. முப்பது சொச்சம் பதிவிலும் லிங்கை மாற்றி, ஒன்லிங்க் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பிறகு பழையசாக்கு அண்ணன் சொன்னபடி யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த 11,000 பேர் வந்த பதிவுக்கு ஆறு இடத்தில் லிங்க் இருந்தது. ஒருவர் காப்பி ஆர்வலர், அயர்லாந்து. அவர் தன் பக்கத்தில் என் படத்தையும் போட்டிருந்தார், கேட்காமல்தான். பேசியபிறகு பெயர் போட்டுக்கொடுத்தார்.

காப்பிக் குழுவில் வாசல்கோலம் அக்கா சொன்னபடி லிங்க் இல்லாமல் பதில் எழுத ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் எண்ணி எண்ணி எழுதினேன், ஒன்பது ஆயிற்றா, பத்து ஆயிற்றா என்று. பிறகு எண்ணுவதை மறந்துவிட்டேன். ஃபில்டர் துளை அடைத்துக்கொண்டால் மேல்பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டி எடுப்போம் இல்லையா, அதை எழுதியதற்கு நூற்றுக்கணக்கில் வாக்கு. வீட்டைக் கொளுத்தப் போகிறாய் என்று பாதிப் பேர் திட்டினார்கள். அதில் ஒருவர், "இதை எல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அப்போதுதான் வலைப்பூ லிங்கைக் கொடுத்தேன். யாரும் நீக்கவில்லை.

இப்போது கணக்கு. ஐந்து மாதத்தில் அமெரிக்கக் கடையிலிருந்து 41 டாலர். அதில் குழுவிலிருந்து நேராக வந்தவர்கள் வாங்கியது 6 டாலருக்குச் சொச்சம். மீதி முழுக்கக் கூகுளில் தேடி வந்தவர்கள். கணக்குப்பிள்ளை சார் சொன்ன நாய்ப் படுக்கை வரவில்லை, ஆனால் யாரோ ஒருவர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு மீன்தொட்டி மோட்டார் வாங்கியிருக்கிறார். அதில் வந்தது ஃபில்டரில் வந்ததைவிட அதிகம்.


#22 ஜெட்_வேகம்

41 டாலர் தானா?


#23 டபராசெட்

ஆமாம் அண்ணே. உங்களுக்கு எவ்வளவு வந்தது?


#24 நெல்லை_நள்ளிரவு

ஜெட்டின் கணக்கு போன மாதமே முடங்கிவிட்டது என்று வேறொரு இழையில் அழுதுகொண்டிருந்தார். கேட்காதே, பாவம்.


#25 டொரோண்டோ_குளிர்

தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி நைசாக அரைச்சு இருபது வீதம் சிக்கரி போட்டேன். இப்ப அருமையாக இறங்குது. வீட்டில் நாலு பேர், விருந்தாட்கள் வந்தால் ஏழெட்டு. இப்ப இருக்கிறது சின்ன ஃபில்டர். எந்த அளவு வாங்கலாம்?


#26 டபராசெட்

பெரிதாக ஒன்றே வாங்காதீர்கள் அக்கா. பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகப் பொடி போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், பழைய பிரச்சினையே திரும்ப வரும். இப்போது இருக்கிறதை வைத்துக்கொண்டு, விருந்துக்கு என்று எட்டுப் பேர் அளவில் ஒன்று தனியாக வாங்குங்கள். எவர்சில்வர் போதும், பித்தளை தேய்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.


#27 வாசல்கோலம்

லிங்க் எங்கே?


#28 டபராசெட்

இங்கேயும் நீங்கள்தான் மட்டுறுத்துநரோ என்று பயம் அக்கா.